மொச்சையும் கொண்டைக்கடலையும்

எங்கள் மோன்தெலாரு ஊரில் காப்பியும் மதுவும் விற்கும் கடைகள் மூன்று. எங்கள் சார்தீனியாத் தீவுக்கு இத்தாலியிடமிருந்து விடுதலை கேட்கும் கட்சிகளும் மூன்று. இது தற்செயலாக அமைந்ததில்லை. ஆரம்பத்தில் ஒரே கட்சிதான். சுதந்திரத் தீவுக் கட்சி என்று பெயர். என் கடையின் பின்னறையில் கூடும். தலைவர் தேர்தல் வந்தது. தோற்றவர் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் பின்னாலேயே போனார்கள். மறுநாள் அங்கே 'உண்மையான சுதந்திரத் தீவுக் கட்சி' என்று பலகை தொங்கியது. அதற்கடுத்த தேர்தலில் தோற்றவர் பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடைக்குப் போனார். அங்கே 'அசல் சுதந்திரத் தீவுக் கட்சி'. அதன்பிறகு பல வருடம் நாங்கள் ஒற்றுமையாக இருந்ததற்குக் கொள்கைப் பிடிப்பு காரணமில்லை, ஊரில் நாலாவது கடை கிடையாது.

இந்த வசந்தத்தில் யாரோ ஒரு புண்ணியவான் தேவாலயத்துக்கு எதிரே நாலாவது கடையைத் திறந்தான். அதே மாதம் எங்கள் தலைவர் புஸ்தியானு மாமா, முழங்கால் வலி தாங்கவில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

போட்டிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அந்தியோகு. அவர் என் கணவர். இன்னொருவன் ஆடு வளர்த்து சீஸ் போடும் பொபோரே. அவன் என் தம்பி.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் முதல்முதலில் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தவர் என் அப்பா. அவரை ஜெயித்தவர் என் சித்தப்பா. அன்றிலிருந்து சாகும்வரை அப்பா தன் பெண்டாட்டி கடையில், அதாவது இப்போது என் கையில் இருக்கும் இந்தக் கடையில், ஒரு காப்பி குடிக்கவில்லை; எதிர்க்கடையில் காசு கொடுத்துக் குடித்தார். சித்தப்பா எங்கள் கடையிலேயே உட்கார்ந்து அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கல்யாணத்துக்கு சித்தப்பா வரவில்லை. இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார், அக்கார்டியன் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். அன்றைக்கு நான் அழுததைக் கல்யாணப்பெண் அழுகை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வருகிற செப்டம்பரில் என் மகள் இலேனியாவுக்குக் கல்யாணம். அவளுக்கு ஞானஸ்நானத் தகப்பன் பொபோரேதான். மிர்த்தோ என்னும் வாசனை இலை பரப்பி பன்றிக்குட்டி சுடுவதில் அவனை அடிக்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. கல்யாண அடுப்பு அவன் பொறுப்பு என்று அவள் பிறந்தபோதே பேசி முடித்தாயிற்று. இப்போது இரண்டில் ஒருவர் தோற்கத்தான் வேண்டும். தோற்றவர் கோட்டை மாட்டுவார். அப்புறம் என் மகளும் நான் அழுத அழுகையை அழ வேண்டும்.

சண்டை எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அக்கரையில், அதாவது கடல் தாண்டி இத்தாலிப் பெருநிலத்தில், இருக்கும் பெரிய கட்சி ஒன்று கூட்டணிக்கு வாருங்கள், மாகாண சபையில் ஓர் இடம் தருகிறோம் என்று ஆள் அனுப்பியிருந்தது. சேரலாம் என்பது அந்தியோகுவின் வாதம். கூடவே கூடாது, தனியாகவே நிற்க வேண்டும் என்பது பொபோரேயின் வாதம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

"ஒரு இடம்டா! சபைக்குள்ள நம்ம ஆளு ஒருத்தன் உக்காரணும்டா!" என்று அந்தியோகு மேசையைத் தட்டுவார்.

"உக்காரலாம் மச்சான். அக்கரைக்காரன் எந்திரின்னா எந்திரிக்கணும், கையைத் தூக்குன்னா தூக்கணும். அதுக்கு என் ஆடுங்க போதும், நீ எதுக்கு?"

"நீ தனியா நின்னு என்னத்தக் கிழிச்ச? போன தடவ உன் பெண்டாட்டியே உனக்கு ஓட்டுப் போடல."

"அவ அன்னைக்கு ஊர்ல இல்ல! உனக்கென்ன, நீ வீட்டுக்குள்ளயே கூட்டணி வச்சவன். மாப்பிள்ளைய அக்கரை பெர்கமோலேருந்துல்ல பிடிச்சிருக்க!"

"பையன் தங்கம்டா!"

"தங்கம்தான். நான் சொன்னேனா இல்லன்னு? பன்றிக்குட்டிய முள்கரண்டியால சாப்பிடுறான், அது ஒண்ணுதான் குறை."

முதல் வாரங்களில் இப்படிச் சிரிப்பும் கலந்து இருந்தது. போகப்போகச் சிரிப்பு குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொபோரே பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அதற்கடுத்த ஞாயிறு வரவே இல்லை. நான் வைத்த தட்டு வெறுமனே இருந்தது. அந்தியோகு அதைப் பார்க்காததுபோல ரொட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்தாரே தவிர, சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை.

கட்சி மாநாட்டுக்கு நாள் குறித்தார்கள். இடம் வழக்கம்போல என் பின்னறை. புஸ்தியானு மாமா ஏற்பாடு பேச வந்தபோது, இரண்டு பேரையும் உட்கார வைத்துக்கொண்டு நான் வாயைத் திறந்தேன்.

"இடம் என்னுது, விறகு என்னுது, ஒயின் என்னுது. அதனால ஒரு நிபந்தனை."

"சொல்லும்மா பொனாரியா" என்றார் மாமா.

"இந்த ரெண்டு பேரும் ரெண்டு மாசமா பாடுற பாட்டு எனக்கு மனப்பாடம். அதையே மாநாட்டுலயும் கேக்க என்னால முடியாது. புனித பாக்கிஸ் திருவிழாவுல பண்ற மாதிரி பண்ணுங்க. தொப்பியில சீட்டுப் போடுங்க."

எங்கள் திருவிழாவில் பாட்டுப் போட்டிதான் பெரிய விசேஷம். மைதானத்தில் இரண்டு பாடகர்களை மேடையேற்றி, தொப்பியில் இரண்டு சீட்டுப் போட்டு நீட்டுவார்கள். ஒருவனுக்கு உழவன் வரும், மற்றவனுக்கு இடையன் வரும். அல்லது ஒருவனுக்கு நிலம், மற்றவனுக்குக் கடல். எது வருகிறதோ அந்தப் பக்கம் நின்று, அந்த நிமிடமே பாட்டுக் கட்டி எதிராளியை மடக்க வேண்டும். உனக்குப் பிடித்த பக்கமா, உன் மனசாட்சி என்ன சொல்கிறது என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கையில் வந்த சீட்டுக்கு உயிரைக் கொடுத்துப் பாட வேண்டும். அரைமனதாகப் பாடுகிறவனைப் பேரன் பேத்தி காலம்வரை ஊர் கேலி செய்யும். அந்தியோகுவும் பொபோரேயும் அந்த மேடையில் பல முறை மோதியவர்கள். இரண்டு பேருக்கும் கட்சிமேல் இருக்கும் பற்றைவிடத் தங்கள் பாட்டுமேல் இருக்கும் பற்று அதிகம். இதைச் சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம் வரும்.

"சீட்டு மாறி வந்துட்டா?" என்றார் அந்தியோகு.

"வந்தா என்ன? இவன் பக்கத்தைப் பாட உனக்குத் தெம்பு இல்லையா?"

"எனக்கா? எந்தப் பக்கத்தக் குடுத்தாலும் இவன நான் துவைச்சுக் காயப் போடுவேன்."

பொபோரே சிரித்தான். "போடு மச்சான், போடு. தொப்பி யாருது? என்னுதையே தரேன்."

எனக்குப் பெரிய திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. ஒருவர் வாயால் இன்னொருவர் நியாயம் ஒரு தடவையாவது வரட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். சீட்டு நேராக வந்துவிட்டால் அதுவும் கிடையாது. மாநாட்டன்று காலையில் தேவாலயத்துக்குப் போய் புனித பாக்கிஸுக்கு என் கை நீளத்தில் மெழுகுவர்த்தி வைப்பதாக வேண்டிக்கொண்டேன். திரும்பும் வழியில் பார்த்தால், நாலாவது கடைக்காரன் வாசலில் புது நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "என்ன பொனாரியா அக்கா, இன்னைக்கு மாநாடாமே?" என்று பல்லைக் காட்டினான். நான் நடையை எட்டிப் போட்டேன்.

மத்தியானத்துக்கெல்லாம் பின்னறை நிரம்பிவிட்டது. சன்னல் பக்கம் அந்தியோகுவின் ஆட்கள், அடுப்புப் பக்கம் பொபோரேயின் ஆட்கள். நடுவில், நாற்காலி கிடைக்காமல், என் மதுப்பீப்பாய்மேல் தோனியேத்தா உட்கார்ந்துகொண்டாள். மளிகைக்கடைக்காரி, அவள் வாய்க்குப் பயந்து அவளை எந்தப் பக்கத்திலும் சேர்க்க மாட்டார்கள். புஸ்தியானு மாமா தொப்பியை நீட்டினார். வயதில் மூத்தவர் என்பதால் அந்தியோகு முதலில் எடுத்தார். பிரித்துப் படித்தார். அவர் மீசை துடித்தது.

"தனித்து நிற்பது" என்றார்.

பொபோரேக்கு மிச்சமிருந்தது கூட்டணி. அறையே ஓவென்று கத்தியது. நான் மனதுக்குள் இன்னொரு மெழுகுவர்த்தி சேர்த்துக்கொண்டேன்.

முதல் இரண்டு சுற்று அந்தியோகு பல் வலிக்காரர் மாதிரி பாடினார். பீப்பாய்மேலிருந்து தோனியேத்தாவின் குரல் வந்தது: "என்ன அந்தியோகு, பஸ் இன்னும் முதல் கியர்லயே போகுது?" எல்லாரும் சிரித்தார்கள். அதுதான் அவரைக் கிளப்பியது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார், ஒரு கையைக் காதில் வைத்தார், கண்ணை மூடினார்.

"பக்கத்து வீட்டு நெருப்பை நம்பிப்
பானை வைத்தவள் பசித்துக் கிடந்தாள்;
சிக்கிமுக்கிக் கல்லே எனினும்
சொந்த அடுப்பில்தான் ரொட்டி வேகும்!"

சன்னல் பக்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல வருடமாக அந்தியோகு சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள். இப்போதும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தலையை ஆட்டி, "சரியாத்தானே சொல்றாரு" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பொபோரே விடுவானா? சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

"கடலை வெறுத்தவன் கரையில் நிற்கிறான்,
கையில் தூண்டில், கூடையில் காற்று;
படகை இரவல் கேட்கக் கூசினால்
பிடித்த மீனெல்லாம் பேச்சில் மட்டும்!"

அடுப்புப் பக்கம் அதிர்ந்தது. அவனோடு மேய்ச்சலுக்குப் போகும் ஆட்கள் தரையைக் காலால் உதைத்தார்கள். அப்புறம் நிற்கவே இல்லை. ஒருவர் முடிக்க ஒருவர் எடுக்க, வியர்த்து வழிய வழியப் பாடினார்கள். சில வாரமாக முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தவர்கள், அன்றைக்கு ஒருவர் கண்ணை ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டு, நல்ல அடி விழுந்தால் அவர்களே "அடடா!" என்றுகூடச் சொன்னார்கள். எனக்கு ஒயின் ஊற்ற மறந்துபோனது. அவர்களை அப்படிப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பிறகு வாக்கெடுப்பு. எங்கள் கட்சியில் காகிதத்தை யாரும் நம்புவதில்லை. ஆளுக்கு ஒரு மொச்சை, ஒரு கொண்டைக்கடலை கையில் கொடுப்போம். மொச்சை அந்தியோகுவுக்கு, கடலை பொபோரேக்கு; சீட்டு பாட்டுக்கு மட்டும்தான், ஓட்டு அவரவர் பழைய கொள்கைக்கு. துணி போர்த்திய செப்புப் பானைக்குள் கையை விட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, மற்றதைத் தன் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். பார்த்தவன் கிடையாது, கேட்பவனும் கிடையாது.

புஸ்தியானு மாமா பானையை மேசைமேல் கவிழ்த்தார். ஒரு மொச்சைக்கு ஒரு கடலை என்று ஜோடி சேர்த்து ஒதுக்கிக்கொண்டே வந்தார். குவியல் குறையக் குறைய எல்லாரும் மேசையை நெருங்கினார்கள். கடைசியில் மேசைமேல் ஒற்றையாக ஒன்று மிஞ்சியது. கொண்டைக்கடலை.

"பொபோரே" என்றார் மாமா.

யாரும் கை தட்டவில்லை. எல்லாருடைய கண்ணும் நாற்காலிமேல் கிடந்த கோட்டின்மேல் இருந்தது. அந்தியோகு அதை எடுத்தார். ஒரு கையை நுழைத்தார். சன்னல் வழியாகத் தேவாலய மைதானம் தெரிந்தது. நாலாவது கடைக்காரன் பட்டப்பகலிலேயே விளக்கைப் போட்டான்.  அம்மா இதே இடத்தில் நின்றுதான் அப்பா போவதைப் பார்த்திருப்பாள்.

"இந்த முடிவ நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் அந்தியோகு. "என் ஆளுங்கள ஏமாத்தி ஓட்ட மாத்திட்டாங்க."

"யாரு மச்சான் ஏமாத்தினது?" என்றான் பொபோரே.

அந்தியோகு தன் சன்னல் பக்கத்து ஆட்களைப் பார்த்தார். 

"உன் ஆளுங்ககிட்ட தனியா நிக்கணும்னு பாடினது யாரு? நானா? நான் அக்கரைக்காரன் படகுக்கில்ல ஆள் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்!"

புஸ்தியானு மாமா முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அதுக்கென்ன அந்தியோகு. இன்னைக்கு என் பாட்டு சரியில்ல, சொத்தைப் பாட்டு, யாரும் அதைக் கணக்குல எடுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மறுபடி பானைய வைப்போம்."

அந்தியோகுவின் முகம் சிவந்தது. ஒரு கை கோட்டுக்குள், ஒரு கை வெளியே.

"என் பாட்டுல என்ன குறை?" என்று கத்தினார். "எந்த அடி சரியில்ல? சொல்லுங்க பாப்போம்! எவன் சொல்றான்?"

"ஒரு குறையும் இல்ல" என்றாள் தோனியேத்தா. "அந்தப் பானைப் பாட்ட இன்னொருக்கா பாடேன், எழுந்து போறதுக்கு முன்னாடி."

"பாடு! பாடு!" என்று இரண்டு பக்கமும் கத்தியது. கோட்டை ஒரு கையில் மாட்டிக்கொண்டு எப்படிப் பாடுவது? காதில் வைக்கக் கை வேண்டுமே. அந்தியோகு கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

நான் அதைக் கொண்டுபோய் வாசலுக்குத் தூரமான ஆணியில் மாட்டினேன். மாட்டும்போது பைக்குள் ஏதோ உருண்டது. ஓட்டுப் போட்ட பிறகு எல்லார் பையிலும் ஒன்று மிச்சம் இருக்கும் அல்லவா? கையை விட்டு எடுத்தேன். அவர் பையில் கடலைதானே இருக்க வேண்டும்?

என் உள்ளங்கையில் இருந்தது மொச்சை.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. இந்த ஒரு மொச்சை பானைக்குள் விழுந்திருந்தால் என் கணவர் தலைவர். இவர் ஊரைக் கரைக்கப் பாடிய பாட்டில் தானும் கரைந்து, தன் கையாலேயே என் தம்பிக்குப் போட்டிருக்கிறார். எனக்குப் பின்னால் அவர் குரல் மூன்றாவது தடவையாகப் பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. மொச்சையை என் சமையல் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு ஒயின் ஊற்றப் போனேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பொபோரே வருவானா என்று தெரியாமலேயே தட்டு வைத்தேன். வந்தான், கையில் ஒரு முழு சீஸ். புதுத் தலைவர் என்பதால் சவரம் செய்திருந்தான். அந்தியோகு "வா" என்று மட்டும் சொன்னார். பன்றிக்கொழுப்புப் போட்ட மொச்சைச் சூப்பு ஆவி பறந்தது. இரண்டு பேரும் தலை நிமிராமல் குடித்தார்கள்.

சீஸை வெட்ட வேண்டும். எங்கள் ஊரில் ஆண்பிள்ளைகள் சொந்தக் கத்தியால்தான் வெட்டிச் சாப்பிடுவார்கள். பொபோரே பைக்குள் கையை விட்டு மடக்குக்கத்தியை இழுத்தான். கத்தியோடு சேர்ந்து ஒன்று வெளியே வந்து, மேசைமேல் விழுந்து, உருண்டு, உப்புக் கிண்ணத்தில் முட்டி நின்றது.

கொண்டைக்கடலை.

அந்தியோகு அதைப் பார்த்தார். பொபோரேயைப் பார்த்தார். மறுபடி கடலையைப் பார்த்தார்.

"டேய். நீ எனக்கா போட்ட?"

பொபோரேக்குக் காது வரை சிவந்துவிட்டது. இனி என்னால் அடக்க முடியவில்லை. ஏப்ரன் பையிலிருந்த மொச்சையை எடுத்துக் கடலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது யாருது?" என்றான் பொபோரே.

"உன் மச்சான் கோட்டுல இருந்துச்சு."

 பிறகு பொபோரே மெதுவாகக் கேட்டான்: "என் பாட்டு அவ்வளவு நல்லாவா இருந்துச்சு மச்சான்?"

"உன் பாட்டுக்காக இல்லடா. என் பாட்டுக்காக. அந்தப் பானைப் பாட்டப் பாடி முடிச்சப்புறம் எனக்கே தோணிடுச்சு, தனியா நிக்கிறதுதான் சரின்னு."

"எனக்கும் அதேதான்! தூண்டில் பாட்டுக்கப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நம்மகிட்ட படகு எங்க இருக்கு? அதனாலதான் நாளைக்கே அக்கரைக்காரங்களுக்குப் போன் போட்டு, கூட்டணிக்குச் சரின்னு சொல்லப் போறேன்."

அந்தியோகு கரண்டியை வைத்தார். "என்ன சொல்லப் போற?"

"சரின்னு."

"கூட்டணிக்கா? அக்கரைக்காரனோடயா? உனக்கு வெக்கமா இல்ல? அவன் எந்திரின்னா எந்திரிப்பியா?"

"ஒரு இடம் மச்சான்! சபைக்குள்ள நம்ம ஆளு ஒருத்தன்!"

"இடத்தத் தூக்கிக் குப்பையில போடு! ஊர் உன்னைத் தனியா நிக்கத்தாண்டா தேர்ந்தெடுத்துச்சு!"

"நீ ரெண்டு மாசமா சொன்னதத்தான் நான் சொல்றேன்!"

"அது நான் பாடுறதுக்கு முன்னாடி!"

சத்தத்தில் தட்டுகள் ஆடின. இலேனியா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அப்போது அந்தியோகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். நேராகக் கதவுப் பக்கம் போனார். அங்கே ஆணியில் அவர் கோட்டு தொங்கியது. பொபோரே பேச்சை நிறுத்திவிட்டான். என் கையில் இருந்த ரொட்டி நொறுங்கியது எனக்கே தெரியவில்லை.

அந்தியோகு கோட்டுப் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். தன் மடக்குக்கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். சீஸைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கனத்த துண்டாக வெட்டி, அதை முதலில் பொபோரேயின் தட்டில் வைத்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடியும் கத்த ஆரம்பித்தார்.